செஸ் ஓப்பனிங்: மனப்பாடம் செய்ய வேண்டுமா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய வீடுகளில் முதல் வாரமே ஒரு காட்சியைப் பார்க்கலாம். பிள்ளைகள் அதில் என்ன விளையாட்டு இருக்கிறது என்று தேடுவார்கள். பெரியவர்களோ, "விளையாடுவதென்றால் செஸ் விளையாடு, புத்தியாவது வளரும்" என்பார்கள். எங்கள் தெருவில் ஒரு வீட்டிலும் இப்படித்தான் நடந்தது. ஏழாம் வகுப்புப் படிக்கும் பையன். காய்களை நகர்த்தக் கற்ற சில நாட்களிலேயே இணையத்தில் வீடியோக்களைத் தேடிப் பார்த்து, ஓப்பனிங் எனப்படும் தொடக்க நகர்த்தல்களை நோட்டில் எழுத ஆரம்பித்துவிட்டான். 12 நகர்த்தல் வரை வாய்ப்பாடு போல ஒப்பிப்பான். வீட்டில் எல்லோருக்கும் பெருமை.

பள்ளிகளுக்கு இடையிலான ஒரு போட்டிக்குப் போனான். முதல் ஆட்டத்தில் அவனுக்குக் கறுப்புக் காய்கள். எதிரில் இருந்த சிறுவன் இரண்டாவது நகர்த்தலிலேயே ராணியை வெளியே கொண்டு வந்துவிட்டான். அது நோட்டில் இல்லை. ராணியை விரட்டுவோம் என்று ஒரு சிப்பாயை நகர்த்தினான். அடுத்த இரண்டு நகர்த்தல்களில் ஒரு சிப்பாயும் ஒரு யானையும் போய்விட்டன. அன்று மாலையே, "எனக்கு செஸ் வராது" என்று நோட்டை மூடி வைத்துவிட்டான்.

அவனுக்கு செஸ் வராமல் இல்லை. கற்ற முறைதான் தவறு. கம்ப்யூட்டர் வைத்திருக்கும் ஒருவர் ஓப்பனிங்கை எப்படிக் கற்க வேண்டும், எப்படிக் கற்கக் கூடாது என்பதை இங்கே பார்ப்போம்.

ஓப்பனிங் என்றால் என்ன?

ஒரு செஸ் ஆட்டத்தை மூன்று பகுதிகளாகப் பிரிப்பார்கள். காய்களை வீட்டிலிருந்து வெளியே கொண்டு வரும் முதல் பகுதி ஓப்பனிங். பெரும் மோதல் நடக்கும் நடுப்பகுதி மிடில் கேம். காய்கள் குறைந்த பின் வரும் கடைசிப் பகுதி எண்ட் கேம்.

பல நூறு ஆண்டுகளாக ஆடியவர்கள் நல்ல தொடக்கங்களைக் கண்டுபிடித்துப் பெயர் வைத்திருக்கிறார்கள். இட்டாலியன், ஸ்பானிஷ், சிசிலியன், பிரெஞ்ச், கிங்ஸ் இண்டியன் என்று பட்டியல் நீளும். ஸ்பானிஷ் ஓப்பனிங்கிற்கு ரூய் லோபஸ் என்றும் பெயர். 1561ல் செஸ் பற்றிப் புத்தகம் எழுதிய ஸ்பெயின் பாதிரியாரின் பெயர் அது. ஓப்பனிங்குகளை வகைப்படுத்தும் புகழ்பெற்ற கலைக்களஞ்சியம் ஒன்று அவற்றை 500 குறியீடுகளில் அடக்குகிறது. ஒவ்வொரு குறியீட்டிலும் கிளைகள், கிளைகளுக்குள் கிளைகள்.

இதை மனப்பாடம் செய்ய முடியுமா? சிறிய கணக்கு ஒன்று போட்டுப் பாருங்கள். ஆட்டம் தொடங்கும்போது வெள்ளைக்கு 20 நகர்த்தல்கள் சாத்தியம். எட்டு சிப்பாய்களும் ஒரு கட்டம் அல்லது இரண்டு கட்டம் போகலாம் என்பதால் 16; இரண்டு குதிரைகளுக்கு ஆளுக்கு இரண்டு வழி என்பதால் 4. கறுப்புக்கும் அதே 20. ஆக, இருவரும் ஒரு முறை நகர்த்தி முடிப்பதற்குள்ளேயே 400 வகை. நீங்கள் மனப்பாடம் செய்திருப்பது எதிராளிக்குத் தெரியாது. அவர் உங்கள் நோட்டைப் பார்த்து ஆடப் போவதும் இல்லை.

கட்டங்களின் பெயர்

மேலே போவதற்கு முன் கட்டங்களுக்குப் பெயர் வைக்கும் முறையைத் தெரிந்துகொள்ளுங்கள். எல்லா செஸ் புரோகிராம்களிலும் இதுதான் இருக்கும். வெள்ளை ஆடுபவரின் இடமிருந்து வலமாக எட்டு வரிசைகளுக்கு ஏ, பி, சி, டி, இ, எப், ஜி, எச் என்ற ஆங்கில எழுத்துக்கள். கீழிருந்து மேலாக 1 முதல் 8 வரை எண்கள். வெள்ளை ராஜா நிற்கும் கட்டம் இ1. கறுப்பு ராஜா நிற்கும் கட்டம் இ8. எழுத்தையும் எண்ணையும் சேர்த்துச் சொன்னால் கட்டம் தெரிந்துவிடும்.

மூன்று கேள்விகள்

ஓப்பனிங்கில் ஒவ்வொரு முறையும் மவுஸைத் தொடுவதற்கு முன் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

1. இது பலகையின் நடுவில் உள்ள நான்கு கட்டங்களைப் (டி4, இ4, டி5, இ5) பிடிக்க உதவுகிறதா? நடுவில் நிற்கும் காய்க்கு எந்தப் பக்கமும் போக வசதி அதிகம்.

2. புதிய காய் ஒன்று வெளியே வருகிறதா, அல்லது வருவதற்கு வழி திறக்கிறதா? வெளியே வந்த காயையே திரும்பத் திரும்ப நகர்த்தினால், மற்ற காய்கள் வீட்டிலேயே தூங்கும்.

3. ராஜா பத்திரமாகிறாரா? ராஜாவையும் யானையையும் ஒரே நேரத்தில் நகர்த்தும் காஸ்லிங்கை விரைவில் முடிப்பது நல்லது.

இவற்றுக்கும் முன்னால் ஒரு கேள்வி உண்டு: "எதிராளி இப்போது எதை மிரட்டுகிறார்?" இதைக் கேட்க மறந்தால் மற்ற மூன்றும் வீண்.

ஒரே ஒரு ஓப்பனிங்

புதியவர்களுக்கு இட்டாலியன் ஓப்பனிங் போதும். 17ம் நூற்றாண்டு ஆட்டக்காரர் கிரேக்கோவின் கையெழுத்துப் பிரதிகளிலேயே இது இருக்கிறது. இன்றைய உலகத் தர ஆட்டக்காரர்களும் இதை ஆடுகிறார்கள். பழையது, எளியது, ஆனால் மலிவானது அல்ல. ஒவ்வொரு நகர்த்தலுக்கும் காரணத்தைச் சேர்த்துப் படியுங்கள்.

வெள்ளை ராஜாவின் முன்னால் உள்ள சிப்பாயை இ4க்கு நகர்த்துகிறது. நடுவில் ஓர் இடம் கிடைக்கிறது. ராணிக்கும் பிஷப்பிற்கும் வழி திறக்கிறது. கறுப்பும் அதே காரணத்திற்காக இ5 என்று ஆடுகிறது.

அடுத்து வெள்ளை குதிரையை எப்3ல் வைக்கிறது. காயும் வெளியே வந்தது, இ5 சிப்பாய்க்கும் மிரட்டல். கறுப்பு தன் குதிரையை சி6ல் வைத்து அந்தச் சிப்பாயைக் காக்கிறது.

மூன்றாவதாக வெள்ளை பிஷப்பை சி4ல் வைக்கிறது. அதன் பார்வை எப்7 மீது. அங்குள்ள சிப்பாய்க்கு ராஜாவைத் தவிர வேறு காவல் இல்லை. தொடக்கத்தில் கறுப்பின் மிகப் பலவீனமான இடம் இதுதான். கறுப்பும் பிஷப்பை சி5ல் வைத்து எப்2ஐப் பார்க்கிறது.

நான்காவதாக வெள்ளை சி3 என்று சிப்பாயை நகர்த்துகிறது. பின்னால் டி4 என்று நடுவில் இன்னொரு சிப்பாயைக் கொண்டு வர இது ஆதரவு. கறுப்பு குதிரையை எப்6ல் வைத்து இ4 சிப்பாயை மிரட்டுகிறது. வெள்ளை டி3 என்று ஆடி அதைக் காக்கிறது. கறுப்பு டி6 என்று ஆடுகிறது. வெள்ளை காஸ்லிங் செய்துவிடுகிறது. ஆறு நகர்த்தல்களில் ராஜா பத்திரம், இரண்டு காய்கள் களத்தில், நடு இடமும் கையில்.

கறுப்பு ஆடும்போதும் இதே அறிவு பயன்படும். எதிராளி இ4 என்றால் நீங்கள் இ5. அவர் டி4 என்றால் நீங்கள் டி5. இப்போதைக்கு இது போதும்.

ஒரே நகர்த்தல், இரண்டு பலன்

இப்போது அந்தப் பையனின் ஆட்டத்திற்கு வருவோம். வெள்ளை இ4, கறுப்பு இ5. இரண்டாவதாக வெள்ளை ராணியை எச்5க்குக் கொண்டு வந்தது. பையன் ஜி6 என்று சிப்பாயை நகர்த்தி ராணியை விரட்டப் பார்த்தான். ஆனால் ராணி ஏற்கனவே இ5 சிப்பாயை மிரட்டிக்கொண்டு நின்றது. அதை எடுத்து ராஜாவுக்கு செக் கொடுத்தது. ஜி7 காலியானதால் அதே ராணிக்கு எச்8ல் உள்ள யானை வரை குறுக்கு வழி திறந்துவிட்டது. செக்கைத் தடுத்ததும் யானை போனது.

சரியான பதில் என்ன? முதலில் குதிரையை சி6ல் வைத்து இ5ஐக் காக்க வேண்டும். காயும் வெளியே வரும். அடுத்து வெள்ளை பிஷப்பை சி4ல் வைக்கும். இப்போது மிரட்டல் எப்7ல்: ராணி அந்தச் சிப்பாயை எடுத்தால் செக்மேட். இந்த நேரத்தில் ஜி6 ஆடினால் அதுவே சரியான பதில்! இ5க்குக் காவல் இருப்பதால் ராணி பின்வாங்கத்தான் வேண்டும். எப்3க்குப் போய் மீண்டும் எப்7ஐ மிரட்டினால், குதிரையை எப்6ல் வைத்து வழியை அடைத்துவிடலாம். கறுப்புக்கு இரண்டு குதிரைகள் களத்தில். வெள்ளையோ ராணியை வைத்து இரண்டு முறை அலைந்ததுதான் மிச்சம்.

இரண்டாவது நகர்த்தலில் ஜி6 ஆடினால் யானை போகும். மூன்றாவதில் அதே ஜி6 ஆட்டத்தைக் காப்பாற்றும். நகர்த்தலை மட்டும் மனப்பாடம் செய்தவருக்கு இந்த வித்தியாசம் தெரியாது. காரணம் தெரிந்தவருக்கு நோட்டே தேவையில்லை.

உலக சாம்பியனுக்கும் நேர்ந்தது

இது புதியவர்களுக்கு மட்டும் வரும் தொல்லை என்று நினைக்க வேண்டாம். 1997 மே 11 அன்று நியூயார்க்கில் உலக சாம்பியன் காஸ்பரோவ், ஐ.பி.எம். நிறுவனத்தின் டீப் ப்ளூ கம்ப்யூட்டருடன் ஆறாவது, கடைசி ஆட்டத்தை ஆடினார். இ4க்கு எதிராக அவர் வழக்கமாக ஆடும் ஆயுதம் சிசிலியன். அன்று அதை விட்டுவிட்டு காரோ-கான் ஓப்பனிங்கைத் தேர்ந்தெடுத்தார். ஏழாவது நகர்த்தலில் எச்6 என்று ஆடினார்.

அந்த வரிசையில் எச்6 பழக்கமான நகர்த்தல்தான். ஆனால் முதலில் பிஷப்பை டி6க்குக் கொண்டு வந்து, அதற்குப் பிறகு ஆட வேண்டியது. அவர் ஒரு நகர்த்தல் முன்னதாக ஆடிவிட்டார். டீப் ப்ளூ தன் குதிரையை இ6ல் பலி கொடுத்தது. அந்தப் பலி அதன் ஓப்பனிங் தொகுப்பில் முன்பே பதிவு செய்யப்பட்டிருந்தது. காஸ்பரோவின் ராணி இ7ல் நின்று தன் பிஷப்பையே அடைத்துக்கொண்டது. ராஜா காஸ்லிங் உரிமையை இழந்து டி8க்கு ஓடினார். 19 நகர்த்தல்களில் தோல்வியை ஒப்புக்கொண்டார். நடப்பு உலக சாம்பியன் ஒருவர் ஒரு முழுப் போட்டியைக் கம்ப்யூட்டரிடம் இழந்தது அதுவே முதல் முறை.

அந்தக் கம்ப்யூட்டர் இரண்டு பெரிய அலமாரிகள் அளவு இயந்திரம். இன்று உங்கள் மேஜை மேல் உள்ள சாதாரணக் கம்ப்யூட்டரில் அதைவிட வலுவான செஸ் புரோகிராம் இலவசமாக ஓடுகிறது. ஸ்டாக்பிஷ் என்பது அதன் பெயர். 2008ல் வெளிவந்தது.

என்ன புரோகிராம் தேவை?

விண்டோஸ் விஸ்டாவிலும் விண்டோஸ் 7லும் செஸ் டைட்டன்ஸ் என்ற விளையாட்டு கூடவே வந்தது. விண்டோஸ் 8 முதல் அது இல்லை. ஆகவே புதுக் கம்ப்யூட்டரில் அதைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

இணைய இணைப்பு இருந்தால் லிசெஸ் என்ற தளம் மிகவும் பயன்படும். 2010ல் தொடங்கப்பட்டது. முற்றிலும் இலவசம். விளம்பரம் கிடையாது, நன்கொடையில் நடக்கிறது. பிரவுசரிலேயே ஆடலாம், எதையும் இன்ஸ்டால் செய்யத் தேவையில்லை. இமெயில் முகவரி கொடுத்து அக்கவுண்ட் ஒன்றைத் தொடங்கிக்கொள்ளவும். பிள்ளைகளுக்காக என்றால் பெரியவர்கள் உடனிருந்து தொடங்கவும். பயனர் பெயராகப் பிள்ளையின் முழுப் பெயரையோ பிறந்த ஆண்டையோ வைக்க வேண்டாம்.

இணைய இணைப்பு எப்போதும் இல்லாதவர்கள் லூகாஸ் செஸ் என்ற இலவச விண்டோஸ் புரோகிராமை ஒரு முறை டவுன்லோட் செய்து வைத்துக்கொள்ளலாம். மிக எளிதாகத் தோற்கும் எதிராளி முதல் யாராலும் வெல்ல முடியாத எதிராளி வரை அதில் வரிசையாக உண்டு.

ஆடிய பின் பத்து நிமிடம்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் பின்பற்றுவதென்றால் இதைப் பின்பற்றவும். ஓப்பனிங்கைப் படித்துவிட்டு ஆடாதீர்கள்; ஆடிவிட்டுப் படியுங்கள்.

1. லிசெஸ் தளத்தில் உங்களைப் போன்ற ஒருவருடனோ கம்ப்யூட்டருடனோ ஓர் ஆட்டம் ஆடவும். கம்ப்யூட்டர் என்றால் 1 முதல் 8 வரை உள்ள நிலைகளில் 1ல் தொடங்கவும். ஆளுக்குப் பத்து நிமிடத்திற்குக் குறையாத நேரம் வைத்துக்கொள்ளவும்.

2. ஆட்டம் முடிந்ததும் அனாலிசிஸ் போர்டு என்பதில் கிளிக் செய்திடவும். அம்புக்குறி கீகளை அழுத்தினால் ஆட்டம் ஒவ்வொரு நகர்த்தலாக முன்னும் பின்னும் போகும்.

3. உடனே கம்ப்யூட்டரின் கருத்தைக் கேட்க வேண்டாம். எந்த நகர்த்தலில் உங்களுக்குக் குழப்பம் வந்தது என்று நீங்களே பார்த்துச் சொல்லுங்கள்.

4. திறந்த புத்தகம் போன்ற ஐகானில் கிளிக் செய்திடவும். ஓப்பனிங் எக்ஸ்ப்ளோரர் திறக்கும். அந்த நிலையில் மற்றவர்கள் என்ன ஆடினார்கள், யார் வென்றார்கள் என்று பட்டியல் வரும்.

5. நீங்கள் எந்த இடத்தில் பட்டியலை விட்டு விலகினீர்கள் என்று பார்க்கவும். அந்த ஒரு நகர்த்தலுக்கு மட்டும் சரியான பதிலையும் அதற்கான காரணத்தையும் நோட்டில் ஒரு வரி எழுதவும். அதோடு நிறுத்திவிடவும்.

ஓர் ஆட்டத்திற்கு ஒரு வரி. ஐம்பது ஆட்டம் ஆடினால் ஐம்பது வரி. அத்தனையும் உங்கள் எதிராளிகள் உண்மையிலேயே ஆடியவை என்பதால் மறுபடியும் வரும், மறக்கவும் மறக்காது.

எக்ஸ்ப்ளோரரில் இரண்டு தொகுப்புகளைக் கவனிக்கவும். மாஸ்டர்ஸ் என்பதில் பெரிய ஆட்டக்காரர்கள் நேரில் ஆடியவை இருக்கும். லிசெஸ் என்பதில் தளத்தில் ஆடுபவர்களின் ஆட்டங்கள் இருக்கும். அதில் ரேட்டிங்கைக் குறைத்து உங்கள் நிலைக்கு ஏற்றபடி அமைத்துக்கொள்ளலாம். இரண்டாவது நகர்த்தலில் ராணி எச்5க்கு வருவதை மாஸ்டர்ஸ் தொகுப்பில் தேடினால் மிக அரிதாகவே கிடைக்கும். குறைந்த ரேட்டிங்கில் தேடினால் குவியும். பையனின் நோட்டில் ஏன் அது இல்லை என்பது இப்போது புரிகிறது அல்லவா? அவன் மாஸ்டர்களுக்காகத் தயாரானான். எதிரில் உட்கார்ந்ததோ அவனைப் போல இன்னொரு சிறுவன்.

எண்களைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்

அனாலிசிஸ் போர்டில் ஸ்டாக்பிஷ்ஷை இயக்கினால் ஓர் எண் தெரியும். தோராயமாக 1 என்பது ஒரு சிப்பாயின் மதிப்பு. கூட்டல் குறி என்றால் வெள்ளைக்குச் சாதகம், கழித்தல் என்றால் கறுப்புக்கு. 0.3, 0.5 போன்ற எண்களைப் பார்த்துவிட்டு "இந்த ஓப்பனிங் சரியில்லை" என்று மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் உண்டு. நம் ஆட்டங்களில் அந்த அரைச் சிப்பாய்க்கு அர்த்தமே கிடையாது. எண் திடீரென்று 2, 3 என்று தாவும் இடத்தை மட்டும் பாருங்கள். அங்கேதான் ஒரு காயை இழந்திருப்பீர்கள்.

உலக சாம்பியன் பட்டமே ஓப்பனிங்கில் தீர்மானமாகாமல் போகலாம். 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் நம் சென்னை குகேஷ், சீனாவின் டிங் லிரெனை வென்ற கடைசி ஆட்டத்தை நினைத்துப் பாருங்கள். டிங் செய்த பெரும் தவறு 55வது நகர்த்தலில், காய்கள் குறைந்துபோன எண்ட் கேமில் வந்தது. ஆகவே செஸ்ஸுக்கு ஒதுக்கும் நேரத்தில் பெரும்பகுதியை ஆடுவதற்கும், தளத்தில் உள்ள பசில்ஸ் எனப்படும் புதிர்களுக்கும் கொடுங்கள். ஓப்பனிங்கிற்கு அந்தப் பத்து நிமிடம் போதும்.

கவனிக்க வேண்டியவை

ஆட்டம் நடக்கும்போது இன்னொரு விண்டோவில் ஸ்டாக்பிஷ்ஷைத் திறந்து உதவி கேட்பது ஏமாற்று வேலை. தளங்கள் இதைக் கண்டுபிடித்து அக்கவுண்ட்டை மூடிவிடும். அதைவிடப் பெரிய நஷ்டம், நீங்கள் எதையும் கற்க மாட்டீர்கள்.

"இதை ஆடினால் எட்டே நகர்த்தலில் வெற்றி" என்று சொல்லும் வீடியோக்களை நம்பி ஓப்பனிங்கை வாரம் ஒன்றாக மாற்ற வேண்டாம். எதிராளி குறிப்பிட்ட தவறைச் செய்தால்தான் அந்தப் பொறி வேலை செய்யும். குறைந்தது மூன்று மாதம் ஒரே ஓப்பனிங்கில் இருக்கவும். பணம் கட்டிப் படிக்கும் கோர்ஸ்களும் இப்போதைக்கு வேண்டாம்.

நல்ல ஆட்டங்களைச் சேமித்து வைக்கவும். ஷேர் அண்டு எக்ஸ்போர்ட் பகுதியில் பி.ஜி.என். பைலாக டவுன்லோட் செய்யலாம். இது சாதாரண டெக்ஸ்ட் பைல்தான். நோட்பேடிலும் திறக்கும், ஏறக்குறைய எல்லா செஸ் புரோகிராம்களிலும் திறக்கும். தனி போல்டர் ஒன்றில் தேதி போட்டு வைத்தால், ஆறு மாதம் கழித்து உங்கள் வளர்ச்சியை நீங்களே பார்க்கலாம்.

நோட்டை மூடி வைத்த பையன் என்ன ஆனான் என்று கேட்பீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனை அழைத்து, அதே ஆட்டத்தை அனாலிசிஸ் போர்டில் போட்டுக் காட்டினோம். ஜி6ஐ ஒரு நகர்த்தல் தள்ளி ஆட வைத்தோம். ராணி பின்வாங்கியதைப் பார்த்ததும், "இவ்வளவுதானா?" என்றான். பழைய நோட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு புதிய நோட்டு ஒன்றில் முதல் வரியாக அதை எழுதிக்கொண்டான். இப்போதும் தோற்கிறான், ஜெயிக்கிறான். ஆனால் தோற்ற அன்று நோட்டை மூடுவதில்லை; திறக்கிறான்.

நீங்களும் இன்று ஓர் ஆட்டம் ஆடிப் பாருங்கள். முடிந்ததும் ஒரு வரி எழுதுங்கள்.